"தம்பி, இந்த ரேடியஸ் எவ்வளவு வைக்க?"

நெல்லை பேட்டை தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறையில் சாயங்காலம் நாலு மணிக்கு நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். ஜாப், அதாவது கடைகிற இரும்பு, லேத்தின் பிடியான சக்கில் இருக்கும். டிராயிங் டெயில்ஸ்டாக் பக்கம் எண்ணெய்க் கறையோடு கிடக்கும். லேத் ஓட்டும் டர்னர், டிராயிங் வரைந்தவருக்கு ஃபோன் போடுவார்.

"தம்பி, இந்த மூலையில ரேடியஸ் எவ்வளவு வைக்க?"

"ஸ்டாண்டர்டா வைங்க அண்ணாச்சி."

ரேடியஸ் என்பது மூலையின் வளைவு. அதற்கு அப்படி ஒரு ஸ்டாண்டர்ட் கிடையாது. அன்றைக்கு டூல் போஸ்ட்டில் மாட்டியிருக்கிற இன்சர்ட்டின் (வெட்டும் முனையின்) மூக்கு வளைவு 0.8 மி.மீ. என்றால் 0.8, 1.2 என்றால் 1.2. டிராயிங்கில் விட்டுப்போன அளவை யாரோ ஒருவர் எப்படியும் முடிவு செய்துதான் ஆக வேண்டும். டிசைன் செய்தவர் செய்யாவிட்டால் டர்னர் செய்வார், அவரும் செய்யாவிட்டால் டூல் செய்யும். இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு விஷயம்தான்: ஃபோன் அடிக்காமல் ஜாப் முடிய டிராயிங்கில் என்னென்ன இருக்கணும், எதெல்லாம் இருக்கக் கூடாது.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் புரியாது. ஒரு பார்ட்டை எடுத்துக்கொள்வோம். நம்ம பக்கம் ரைஸ் மில்லுக்குப் பஞ்சமில்லை என்பதால் ஒரு ப்ளோயர் ஷாஃப்ட். நடுவில் 45 மி.மீ. டயா (விட்டம்) உடம்பு, நீளம் 300. இரண்டு பக்கமும் 6207 பேரிங், அதாவது 35 உள் டயா, 72 வெளி டயா, 17 அகலம். பேரிங்குக்கு வெளியே ஒரு பக்கம் 60 நீளத்துக்கு 30 டயா, அங்கே வி-பெல்ட் புல்லி. மறுபக்கம் 80 நீளத்துக்கு 30 டயா, அங்கே இம்பெல்லர், அதாவது காற்றைத் தள்ளும் விசிறி. மொத்தம் 474 மி.மீ. கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பையன்கூடப் பத்து நிமிஷத்தில் வரைந்துவிடுவான். அவன் வரைந்ததை வைத்து ஷாஃப்ட் செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி.

முதலில் பேரிங் உட்காரும் 35. அதற்கு டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற எல்லை, வேணும். வெறும் "35" என்று எழுதி, டைட்டில் பிளாக்கில் (டிராயிங் மூலையில் உள்ள விவரக் கட்டத்தில்) "பொது டாலரன்ஸ் ஐ.எஸ்.ஓ. 2768-எம்" என்று போட்டிருந்தால், 30-க்கு மேல் 120 வரையான அளவுக்கு அந்த அட்டவணை தருவது ±0.3. 34.7-லும் ஷாஃப்ட் பாஸ், 35.3-லும் பாஸ். முதலாவதில் பேரிங் கடகடவென்று ஆடும், இரண்டாவதில் ஏறவே ஏறாது. ஆனால் டிராயிங்படி இரண்டும் சரியான ஷாஃப்ட்தான். திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை கிடையாது.

"டைட்டா உக்காரணும்" என்று ஓரத்தில் பேனாவால் எழுதுவதும் உதவாது. எவ்வளவு டைட்? இங்கே எழுத வேண்டியது 35 கே6; கே6 என்பது டாலரன்ஸ் அட்டவணையில் உள்ள ஒரு குறியீடு. அதன் அர்த்தம் +0.018, +0.002. ஷாஃப்ட் 35.002-க்கும் 35.018-க்கும் நடுவில் இருக்கணும். 6207-இன் உள் வளையம் 35-இலிருந்து 0.012 வரை குறைவாக வரலாம். ஆக, இறுக்கம் குறைந்தது 2 மைக்ரான் (0.002 மி.மீ.), கூடினால் 30 மைக்ரான். பேரிங்கைக் கொஞ்சம் சூடாக்கி ஏற்றலாம், ஓடும்போது உள் வளையம் ஷாஃப்ட்டின் மேல் நழுவிச் சுற்றாது. டிராயிங்கில் "35 கே6" என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே அந்த +0.018 / +0.002-ஐயும் எழுதிவிடுங்கள். லேத்தின் பக்கத்தில் அட்டவணைப் புத்தகம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இதில் இன்னொரு சங்கடம், ஆங்கில எழுத்தின் பெரியது சின்னது. பெரிய எச் ஓட்டைக்கு, சின்ன எச் ஷாஃப்ட்டுக்கு. 30 பெரிய எச்7 என்றால் 0 முதல் +0.021 வரை. 30 சின்ன எச்7 என்றால் 0 முதல் −0.021 வரை. கையால் எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரியும். எண்ணைச் சேர்த்து எழுதினால் அந்த வம்பே இல்லை.

புல்லி, இம்பெல்லர் உட்காரும் 30-க்கு கே6 வேண்டாம். புல்லியைப் பிறகு கழற்ற வேண்டியிருக்கும். சின்ன எச்6 போதும்: 0, −0.013. புல்லியின் போர் (உள் ஓட்டை) பெரிய எச்7. கூடினால் 0.034 இடைவெளி, கையால் தள்ளினால் ஏறும். இங்கே டாலரன்ஸ் எழுதாமல் விட்டால் பொது டாலரன்ஸ் ±0.2. 29.8-இல் வந்த ஷாஃப்ட்டில் புல்லி உட்கார்ந்தால், ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டும் கீ மட்டும் அடி வாங்கும். ஆறு மாதத்தில் கீ உட்காரும் பள்ளமான கீவே வாய் பிளந்துவிடும். "கீ மெட்டீரியல் சரியில்லை" என்று பழி கீயின் மேல் போகும்.

டாலரன்ஸ் எழுதும்போதே அதை எதை வைத்து அளப்பார்கள் என்றும் யோசிக்கணும். நம்ம பட்டறைகளில் இருக்கும் வெர்னியரின் மிகச் சிறிய அளவு 0.02. 16 மைக்ரான் அகலமுள்ள கே6-ஐ அதை வைத்துப் பார்ப்பது, அரிசி மூட்டைத் தராசில் நகை நிறுப்பது மாதிரி. குறைந்தபட்சம் மைக்ரோமீட்டர் வேணும், அதுவும் 0.001 காட்டுவதாக இருந்தால் நல்லது. அவ்வளவு நுணுக்கம் தேவைப்படாத இடத்தில் கே6 எழுதினால், வீணாகச் செலவை ஏற்றுகிறீர்கள். 45 டயா உடம்புக்கு ஒரு டாலரன்ஸும் வேண்டாம். அது 44.8 இருந்தாலும் காற்று வீசும். எல்லா அளவுக்கும் ±0.02 போட்டுவிட்டு "அப்பதான் கவனமா செய்வாங்க" என்று சொல்கிறவர்கள் உண்டு. டர்னருக்கு அனுபவம் இருந்தால், இது எல்லாவற்றுக்கும் ±0.02 கேட்கிற கிராக்கி, ஒன்றையும் நம்ப வேண்டாம் என்று முடிவு செய்து, பேரிங் சீட்டையும் தன் இஷ்டத்துக்கு வைத்துவிடுவார்.

இப்போது அந்த ரேடியஸ். 45 உடம்பு 35-க்கு இறங்குகிற மூலை. 6207-இன் உள் வளைய மூலையில் குறைந்தது 1.1 வளைவு இருக்கும். ஷாஃப்ட்டின் மூலை வளைவு அதைவிடச் சின்னதாக, அதிகபட்சம் 1.0 ஆக இருக்கணும். 1.2 மூக்கு இன்சர்ட்டால் வெட்டினால் பேரிங் தோளில் (டயா இறங்கும் படியில்) உட்காராமல் வளைவின் மேல் ஏறி நிற்கும். பார்க்க உட்கார்ந்த மாதிரியே இருக்கும். பத்து நாள் ஓடியபின் ஒரு பக்கமாகச் சத்தம் வரும். அதற்குப் பயந்து "ஷார்ப் கார்னர்" என்று எழுதினால் இன்னும் மோசம். பெல்ட் இழுப்பால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை வளைகிறது. 1440 ஆர்.பி.எம். என்றால் நிமிஷத்துக்கு 1440 தடவை. கூர்மையான மூலையில்தான் அந்த அழுத்தம் எல்லாம் குவியும், விரிசலும் அங்கேதான் பிறக்கும். புல்லி பக்கத் தோளில் சுத்தமாக வட்டமாக முறிந்துவரும் ஷாஃப்ட்களில் பல இப்படிப்பட்டவை. ஆகவே ரேடியஸ் 0.8 ±0.2 என்று எழுதுங்கள். கிரைண்டிங் உண்டென்றால் மூலையில் அண்டர்கட் (சின்னப் பள்ளம்) அளவும் வேணும். கிரைண்டிங் கல்லின் ஓரம் சீக்கிரம் தேயும், அதனால் மூலைவரை சுத்தமாக எட்டாது.

அதே தோளின் உயரமும் முக்கியம். 6207-க்குத் தோள் குறைந்தது 42 இருக்கணும், உள் வளையத்தின் வெளி விளிம்பைத் தாண்டியும் போகக் கூடாது. தாண்டினால் பேரிங்கைக் கழற்றும்போது புல்லர் வைத்து இழுக்கப் பிடி கிடைக்காது. நம்ம 45 சரியாக இருக்கிறது.

கீவே. 30 டயாவுக்கு 8×7 கீ. ஷாஃப்ட்டில் ஆழம் 4, அகலம் 8 என்9, அதாவது 0 முதல் −0.036 வரை. இதில் ஆழத்தை எங்கிருந்து காட்டுகிறீர்கள் என்பதுதான் விஷயம். 4 என்பது வட்டத்தின் உச்சியிலிருந்து கணக்கு. கீவே வெட்டியபின் அந்த உச்சியே இருக்காது, வெட்டுப்பட்டுப் போயிருக்கும். டெப்த் வெர்னியரைக் கீவேயின் விளிம்பில் வைத்து 4 பார்த்தால், அந்த விளிம்பு உச்சியைவிட 0.54 மி.மீ. கீழே இருப்பதால் உண்மையான ஆழம் 4.54 ஆகிவிடும். கீ பள்ளத்தில் அமுங்கி, புல்லி பக்கம் பிடிப்பு குறையும். அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து கீவே அடிவரை 26, டாலரன்ஸ் 0 / −0.2 என்று காட்டுங்கள். மைக்ரோமீட்டரோ வெர்னியரோ நேராகப் பிடிக்கலாம். யாரும் கணக்குப் போட வேண்டாம். இரண்டு முனையிலும் கீவே இருந்தால் இரண்டும் ஒரே கோட்டில் வேணுமா, எப்படி இருந்தாலும் சரியா என்பதையும் எழுதணும். நம்ம ப்ளோயருக்கு அது தேவையில்லை. அப்படியென்றால் "கீவேக்களின் கோணம் முக்கியமில்லை" என்றே ஒரு வரி எழுதலாம். மில்லிங் போடுகிறவர் அரை மணி நேரம் மிச்சம் பிடிப்பார்.

நீள அளவுகளில்தான் படித்தவர்களும் சறுக்குவது. 60, 17, 300, 17, 80 என்று வரிசையாகச் சங்கிலி மாதிரி கோத்துவிட்டு, மேலே மொத்தம் 474 என்றும் எழுதிவிடுவது. பொது டாலரன்ஸில் 60-க்கு ±0.3, 17-க்கு ±0.2, 300-க்கு ±0.5, 80-க்கு ±0.3. கூட்டினால் ±1.5. ஆனால் 474-க்கு அதே அட்டவணை ±0.8-தான் தருகிறது. துண்டுகள் எல்லாம் சரியாக இருந்து மொத்தம் தப்பாகலாம். அப்போது யார் சொல்வது சரி? டிராயிங் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்கிறது. ஒன்றை விடணும், அல்லது அடைப்புக்குறிக்குள் போடணும். அடைப்புக்குறிக்குள் இருப்பது தகவலுக்கு மட்டும், அதைச் சோதிக்க மாட்டார்கள்.

எதை விடுவது என்பதை ஷாஃப்ட்டின் வேலை சொல்லும். பேரிங் உட்காரும் இரண்டு தோள்களுக்கு நடுவில் உள்ள 300-ஐ நேராகக் காட்டுங்கள். மற்றவற்றை ஒரு தோளைத் தொடக்கமாக வைத்து அங்கிருந்து அளவிடுங்கள். அந்தத் தோள்தான் டேட்டம். அந்த 300-ஐயும் ±0.05 என்று இறுக்காதீர்கள். ஓடிச் சூடேறினால் ஷாஃப்ட்டே நீளும்: 300 மி.மீ. எஃகு 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.14 நீளும். ஒரு பேரிங் நிலையாக, இன்னொன்று ஹவுசிங்கில் (பேரிங் உட்காரும் கூட்டில்) நகர இடம் உள்ளதாக இருந்தால் ±0.5 தாராளம். இடம் இல்லையென்றால் ஷாஃப்ட்டை எவ்வளவு துல்லியமாகச் செய்தும் பயனில்லை. அது ஹவுசிங் டிராயிங்கில் உள்ள கோளாறு.

ரன்-அவுட், அதாவது சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்பது. "எல்லாம் சென்டரில் இருக்கணும்" என்று எழுதினால் யாருக்கும் மறுப்பில்லை, ஆனால் எந்தச் சென்டர்? ஷாஃப்ட் சுற்றுவது இரண்டு பேரிங் சீட்களின் மேல். அதனால் ஒரு சீட்டுக்கு ஏ என்றும் இன்னொன்றுக்கு பி என்றும் பெயரிட்டு, இரண்டு 30 டயாவுக்கும் "ஏ-பி-ஐப் பொறுத்து ரன்-அவுட் 0.02" என்று குறியுங்கள். அளக்கும் முறையும் இதிலேயே வந்துவிடுகிறது: இரண்டு சீட்டையும் வி-பிளாக்கில் வைத்து, 30-இன் மேல் டயல் வைத்து, ஒரு சுற்று. இம்பெல்லர் ஆடுவதும் ஆடாததும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. முனைகளில் சென்டர் ஓட்டை (மெஷினில் தாங்கிப் பிடிக்கும் சின்னக் குழி) விடலாமா கூடாதா என்பதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒருவர் அழகுக்காக ஃபேஸ் செய்து சென்டரை எடுத்துவிடுவார். அடுத்து கிரைண்டிங் போகும் இடத்தில் புதுச் சென்டர் போடுவார்கள். அது பழைய இடத்தில் அமையாது. முந்தைய உழைப்பு எல்லாம் வீண்.

மரைக்கு வருவோம். இம்பெல்லர் முனையில் போல்ட் பூட்ட எம்10 ஓட்டை. வெறும் "எம்10" என்றால் பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம்) 1.5 என்று பொருள். வேறு பிட்ச் வேண்டுமென்றால் எழுதியே ஆகணும். எம்20-ஐ நினைத்துப் பாருங்கள்: எழுதாவிட்டால் 2.5 பிட்ச், உங்கள் கையில் இருக்கிற லாக் நட் 1.5. "எம்10, 25 ஆழம்" என்பதும் பாதி விவரம்தான். 25 என்பது முழு மரையா, டிரில்லா? மரை வெட்டும் டேப்பின் முனை கூம்பாக இருப்பதால் டிரில் ஆழம் மரை ஆழத்தைவிடக் கூடுதலாக இருக்கணும். "எம்10 6எச், முழு மரை 20, டிரில் 8.5 ஆழம் 27" என்று எழுதினால் டேப் அடியில் முட்டி உடையாது. சுழற்சியில் போல்ட் தளர்ந்துவிடும் திசையாக இருந்தால் இடது மரை வேணும். அதைப் பெரிய எழுத்தில், மரையின் பக்கத்திலேயே எழுதுங்கள். கீழே குறிப்பு எண் ஏழில் எழுதி வைத்தால் எல்லா ஷாஃப்ட்டும் வலது மரையாக வந்து சேரும்.

மேற்பரப்பு. பழைய ஆட்கள் முக்கோணம் போடுவார்கள், மூன்று முக்கோணம் என்றால் நைசு. அதன் வீச்சு ரொம்ப அகலம். ஆர்.ஏ. (சராசரிச் சொரசொரப்பு, மைக்ரானில்) எண்ணே எழுதுங்கள்: பேரிங் சீட் 0.8, புல்லி, இம்பெல்லர் சீட் 1.6, மற்றதெல்லாம் 6.3. பேரிங் சீட் சொரசொரப்பாக இருந்தால் மைக்ரோமீட்டர் மேடுகளின் உச்சியை அளந்து 35.015 காட்டும். பேரிங்கை ஏற்றும்போது அந்த மேடுகள் நசுங்கும், பிடிப்பு காணாமல் போகும். ஆயில் சீல் ஓடும் இடம் இருந்தால் ஆர்.ஏ. 0.2-க்கும் 0.8-க்கும் நடுவில் வைத்து, "டூல் கோடு சுருளாக இருக்கக் கூடாது" என்று சேர்க்கணும். லேத் டூல் விட்ட கோடு கண்ணுக்குத் தெரியாத மரை மாதிரி. ஷாஃப்ட் சுற்றும் திசையைப் பொறுத்து எண்ணெயை வெளியே தள்ளும். சீலை எத்தனை தடவை மாற்றினாலும் ஒழுகும்.

மெட்டீரியல். "எம்.எஸ்." (மைல்ட் ஸ்டீல்) என்பது மெட்டீரியல் பெயர் ஆகாது, கடைக்காரர் கையில் இருப்பதைத் தருவார். இந்த ஷாஃப்ட்டுக்கு ஈ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) போதும். என்ன நிலையில் என்பதையும் எழுதணும்: நார்மலைஸ் செய்ததா, கடினப்படுத்தி டெம்பர் செய்ததா, எத்தனை பிரினெல் (கடினத்தின் அளவு, சுருக்கமாக எச்.பி.). "201–255 எச்.பி." என்று வீச்சாக எழுதுங்கள். "55 எச்.ஆர்.சி." (ராக்வெல் கடினம்) என்று ஒற்றை எண் எழுதினால் எந்த ஹீட் ட்ரீட்மென்ட் கடையாலும் அதைச் சரியாகப் பிடிக்க முடியாது. 50–55 என்று இடம் கொடுங்கள். இண்டக்‌ஷன் முறையில் மேற்பரப்பை மட்டும் கடினப்படுத்துவதென்றால் எங்கிருந்து எங்கே, எத்தனை மி.மீ. ஆழம் என்பதும் வேணும். ஆழம் கிரைண்டிங்குக்கு முன்பா பின்பா என்றும் சொல்லணும். 1.5 மி.மீ. கடினப்படுத்தி 0.4 தேய்த்தால் மிச்சம் 1.1-தான்.

தூத்துக்குடி உப்பளப் பக்கமோ, ராதாபுரம், கூடங்குளம் பக்கமோ போகிற பார்ட் என்றால் இன்னும் கவனம். வெறும் "எஸ்.எஸ்." (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று எழுதினால் 202 கிரேடுகூட வரலாம். பளபளவென்று இருக்கும். உப்புக் காற்றுப் பட்டதும் துருப்புள்ளி விழும். 304-ஆ 316-ஆ என்று எழுதுங்கள், மில் சர்டிபிகேட் கேளுங்கள். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து கிரேடைக் கண்டுபிடிக்க முடியாது, 202-லும் காந்தம் சரியாக ஒட்டாது.

பிளேட்டிங் உண்டென்றால் "அளவுகள் பிளேட்டிங்குக்குப் பின்" அல்லது "முன்" என்ற ஒரு வரி அவசியம். ஒரு பக்கம் 10 மைக்ரான் ஜிங்க் என்றால் டயா 20 மைக்ரான் கூடும். மரையில் இன்னும் அதிகம்: 60 டிகிரிச் சரிவு என்பதால் பிட்ச் டயா (மரையின் நடு விட்டம்) பூச்சைப் போல நாலு மடங்கு கூடும். எம்10 6ஜி போல்ட்டுக்கு விட்டிருக்கும் இடைவெளி 32 மைக்ரான். 8 மைக்ரான் பூச்சு வரை தாங்கும். 10-ஐ எட்டினால் மரையைச் சோதிக்கும் கோ கேஜ் ஏறாமல் போகும் ஆபத்து உண்டு. அப்போது திட்டு வாங்குவது மரை போட்டவர்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிராயிங்கில் எழுதிய அளவெல்லாம் 20 டிகிரியில். நெல்லையில் மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 38 டிகிரி சாதாரணம். எஃகு ஷாஃப்ட்டை எஃகு மைக்ரோமீட்டரால் அளந்தால் இரண்டும் சேர்ந்து நீளும், கவலையில்லை. ஆனால் பேரிங் ஹவுசிங் அலுமினியம் என்றால் கதை வேறு. 72 டயா போர், டாலரன்ஸ் 0 முதல் +0.030. 18 டிகிரி கூடுதலில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய 0.015 அதிகமாக விரியும். மத்தியானம் +0.010 காட்டிய போர், 20 டிகிரி ஆய்வறையில் −0.005 காட்டும், ரிஜெக்ட். இரண்டு பேர் அளந்ததும் சரிதான். அலுமினியம், கன்மெட்டல் பார்ட்களில் இறுக்கமான டாலரன்ஸ் போடுகிறீர்கள் என்றால் "அளவுகள் 20 டிகிரியில்" என்று எழுதிவைப்பது நல்லது. டர்னர் காலையில் அளப்பார், அல்லது கழித்துக்கொள்வார்.

டைட்டில் பிளாக்கில் என்ன வேணும் என்பது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும்: பார்ட் எண், பெயர், மெட்டீரியல், பொது டாலரன்ஸ், அளவுகள் மி.மீ.-இல், ஸ்கேல், எத்தனையாவது ஷீட், வரைந்தவர், சரிபார்த்தவர், தேதி. எடையையும் எழுதுங்கள். இந்த ஷாஃப்ட் முடிந்தபின் 4.8 கிலோ. 50 டயா பாரில் 480 நீளம் வெட்டினால் 7.4 கிலோ. விலை போடுகிறவருக்கு உதவும், மாடலில் எங்காவது டயாவும் ரேடியஸும் குழம்பியிருந்தால் எடையிலேயே தெரிந்துவிடும்.

அதில் இரண்டு விஷயங்களை மட்டும் சற்று விரிவாகச் சொல்லணும். ஒன்று புரொஜெக்‌ஷன் குறி. எந்தப் பக்கத் தோற்றத்தை எந்தப் பக்கம் வரைந்திருக்கிறது என்பதை அது சொல்லும். நம்ம கல்லூரிகளில் சொல்லித் தருவது ஃபர்ஸ்ட் ஆங்கிள். சாஃப்ட்வேரின் அமெரிக்க டெம்ப்ளேட் போடுவது தேர்ட் ஆங்கிள், சில சமயம் அங்குலத்திலும். ஷாஃப்ட்டுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஹவுசிங்கில் கிரீஸ் நிப்பிள் ஓட்டை வலப்பக்கமா இடப்பக்கமா என்று வரும்போது மொத்த லாட்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி வந்து நிற்கும். அந்தச் சின்னக் கூம்புக் குறியைப் போட மறக்காதீர்கள், போட்டதற்கு ஏற்ப வியூக்களையும் வையுங்கள்.

இன்னொன்று ரிவிஷன். பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிற டிராயிங்தான் பட்டறைக்கு வேதம். நீங்கள் கம்ப்யூட்டரில் 60-ஐ 65 ஆக்கிவிட்டு அதே பெயரில் அனுப்பினால், எது புதுசு என்று யாருக்கும் தெரியாது. எழுத்து மாறணும், ஏ-இலிருந்து பி. ஓரத்தில் "புல்லி சீட் 60 → 65" என்று ஒரு வரி. பர்ச்சேஸ் ஆர்டரிலும் பார்ட் எண்ணோடு ரிவிஷனையும் எழுதுங்கள். பழையதைச் சுவரிலிருந்து கிழிக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அது தொங்கிக்கொண்டேதான் இருக்கும்.

வாட்ஸ்அப். டிராயிங்கைப் படம்பிடித்து அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும். 0.02-இல் புள்ளிக்குப் பின்னால் உள்ள சைபர் மங்கிப்போனால் 0.2. பி.டி.எஃப். ஆக, டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஏ3 டிராயிங்கை ஏ4-இல் அடித்தால் எல்லாம் 0.7 மடங்காகச் சுருங்கும். ஆகவே "ஸ்கேல் வைத்து அளக்காதீர்" என்ற வரி சம்பிரதாயத்துக்கு எழுதுவதில்லை, நிஜமாகவே அளக்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷினுக்கு ஸ்டெப் ஃபைலும் (3டி மாடல்) கூட அனுப்புவதாக இருந்தால், மாடலும் டிராயிங்கும் முரண்பட்டால் எது செல்லும் என்று டிராயிங்கிலேயே எழுதிவிடுங்கள். 30 சின்ன எச்6 ஷாஃப்ட்டை மாடலில் 30.000 என்றுதான் வரைந்திருப்பீர்கள். புரோகிராம் போடுகிறவர் அதையே இலக்காக எடுத்தால் பாதி ஷாஃப்ட் எல்லை தாண்டும்.

வாய்மொழி அளவுகள் டிராயிங் பக்கமே வரக் கூடாது. "ரெண்டு நூல் குறைச்சுக்கோங்க" என்றால் கால் அங்குலம், 6.35 மி.மீ. "அஞ்சு பாயிண்ட் கம்மி" என்றால் ஒரு பட்டறையில் 0.5, இன்னொன்றில் 0.05. பேச்சில் ஓடும், ஜாப்பில் ஓடாது.

சரி, எதை எழுதக் கூடாது? எத்தனை பீஸ் வேணும் என்பது ஆர்டரில் இருக்கட்டும். விலை, டெலிவரி தேதி, வாடிக்கையாளரின் பெயர் எதுவும் வேண்டாம். எப்படிச் செய்வது என்பதையும் பெரும்பாலும் எழுத வேண்டாம். "ரீமர் (ஓட்டையை நுணுக்கமாக முடிக்கும் டூல்) போடவும்" என்று எழுதினால், 30 எச்7 ஓட்டையைப் போரிங் பாரில் அழகாக முடிக்கிறவர்கூட ரீமர் தேடிப் போகணும். அதைவிட மோசம், ரீமர் போட்டும் 30.04 வந்தால் "நீங்க சொன்னதைத்தான் செஞ்சோம்" என்பார், அதில் நியாயமும் இருக்கும். முடிவு என்ன என்பதை எழுதுங்கள், வழியை அவர் பார்த்துக்கொள்வார். விதிவிலக்கு உண்டு. செய்முறையே பார்ட்டின் குணத்தை மாற்றும் இடங்களில் எழுதத்தான் வேணும்: கடினப்படுத்தியபின் கிரைண்டிங், இரண்டு பார்ட்டைச் சேர்த்துப் பிடித்து ஓட்டை போடுவது, சீல் ஓடும் இடத்தில் கல்லைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் கிரைண்ட் செய்வது.

வார்ப்பு பார்ட் என்றால் மெஷினிங் டிராயிங்கோடு வார்ப்பு டிராயிங்கும் தனியாக வேணும், எங்கே எவ்வளவு மெட்டீரியல் விடணும் என்று. ஷீட் மெட்டல் என்றால் மடிப்பின் உள் ரேடியஸும், அளவு உள்ளா வெளியா என்பதும். அவை இரண்டும் தனித்தனிப் பதிவுக்கு உரியவை.

ஓரங்கள். "கூர் ஓரங்களை 0.5×45° நீக்கவும்" என்று பொதுக் குறிப்பு போதும். ஆனால் நம்ம ஷாஃப்ட்டில் பேரிங் ஏறும் முனையில் 1×30° போல நுழைவுச் சரிவு தனியாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் பேரிங்கை ஏற்றுகிறவர் அரத்தால் ஒரு இழுப்பு இழுப்பார், அந்தப் பொடி நேராக பேரிங்குக்குள் போகும்.

டிராயிங் முடிந்ததும் ஒரு சோதனை. அதை வரையாத, அந்த மெஷினைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, முடிந்த ஷாஃப்ட் ஒன்றையும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுத்து, "இது பாஸா ஃபெயிலா?" என்று கேளுங்கள். அவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்வியின் பதிலை டிராயிங்கில் எழுதுங்கள். ப்ளோயர் ஷாஃப்ட்டுக்குப் பெரும்பாலும் முதல் கேள்வி அந்த மூலை ரேடியஸாகத்தான் இருக்கும், இரண்டாவது கீவே ஆழம்.